முதல் அங்குலம்

“அறுபத்திரண்டரை” என்று பரணிலிருந்து குரல் வந்தது. கீழே அவள் பலகையில் அறுபத்தொன்றரைக்கு நேரே பென்சில் கோடு போட்டாள்.

இதில் பிழை ஒன்றும் இல்லை. அவள் கணவனுடைய டேப்பில் முதல் அங்குலம் கிடையாது. அவன் லிப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு கட்டடத்தில் லிப்ட் கதவு கடித்து அதன் நுனி முறிந்துபோயிருந்தது. வேறு வாங்கச் சொன்னால், “முதல் இன்ச்சு போனா என்ன, மிச்சம் பதினஞ்சடி ஒழுங்கா உழைக்குதுல்ல” என்பான். ஆகவே அந்த டேப்பு சொல்லும் எந்த அளவிலும் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். வேலை தொடங்கிய புதிதில் இரண்டு பேருமே கழித்தார்கள், பலகை குட்டையாகிப்போனது. மறுநாள் அவள் கழிப்பாள் என்று அவனும், அவன் கழித்திருப்பான் என்று அவளும் விட்டுவிட்டார்கள்; பலகை உள்ளே நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. அன்றைக்குத்தான் ஒப்பந்தம் ஆனது.

“அளக்கறது நான், கழிக்கறது நீ. அவங்கவங்க வேலையை அவங்கவங்க பார்த்தா குடும்பம் நல்லா இருக்கும், கட்டரம்மா.”

அவள் திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுபவள். கட்டர் என்பது கடையில் அவளுக்கு வைத்த பெயர். அம்மாவைச் சேர்த்தவன் அவன். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் அவளுக்குக் கோடு மாறாது என்று முதலாளியே நாலு பேர் முன்னால் சொல்வார். துணிக்கும் மரத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை, மரம் மடங்காது, அவ்வளவுதான் என்பாள் அவள்.

அந்த வீட்டில் படுக்கையறை ஒன்றே ஒன்று. அதில் மாமனாரும் கொழுந்தனும் படுத்தார்கள். கணவனும் மனைவியும் கல்யாணமான நாள் முதல் ஹாலில்தான். கொழுந்தன் டிவியை அணைக்கும்வரை மெத்தையை விரிக்க முடியாது. விடிவதற்கு முன்னே மாமனார் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டால் சுருட்டாமல் இருக்க முடியாது. “எந்தப் பணக்காரன் வீட்டு பெட்ரூம்ல டிவி, வாசக்கதவு, செருப்பு ஸ்டாண்டு மூணும் இருக்கு, சொல்லு பார்ப்போம்” என்று அவன் சிரிப்பான். சிரித்துச் சிரித்தே பல வருஷம் ஓடிவிட்டது. குழந்தை இல்லை. அதற்கும் ஹாலுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு அதில் முழு நம்பிக்கை கிடையாது.

ஒரு நாள் பழைய சூட்கேஸ் எடுக்கப் பரணில் ஏறியவன் வெகுநேரம் இறங்கவே இல்லை. பிறகு, “ஏய், நடுவுல நிமிர்ந்து நிக்கலாம், வந்து பாரு” என்று தலையை நீட்டினான். அவளும் ஏணியில் ஏறிப் பார்த்தாள். சாய்வான கூரைக்குக் கீழே ஓரங்களில் தவழத்தான் வேண்டும். ஆனால் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். “நடுவுல ராஜா, ஓரத்துல கைதி” என்றான் அவன். அதைத் தங்களுக்கு அறையாக்கும் வேலை அடுத்த லீவு நாளில் தொடங்கியது. ஏணி ஏறும் சதுர ஓட்டையைப் பெரிதாக்கி, செங்குத்தாக ஒரு படி செய்து வைத்தான். உத்தரங்களின் மேல் கனமான பிளைவுட் விரித்தான். கூரையை வெட்டி ஒரு சன்னல் பொருத்தி, ஒழுகுமா என்று பார்க்க வெளியே நின்று வாளித் தண்ணீரை ஊற்றினான். உள்ளே நின்ற அவள் தொப்பலாக நனைந்தாள். “இப்போ தெரிஞ்சுபோச்சு, ஒழுகும்” என்று சொல்லி மறுபடி பூசினான். கூரையைத் தாங்கும் கைமரங்களுக்கு இடையே சூடு தாங்கும் பஞ்சை அடைத்தாகிவிட்டது. அதன் மேல் பலகை அடிக்கும் வேலைதான் பாக்கி. தெருப்பக்கச் சரிவு முழுக்க முடிந்து, பின்பக்கச் சரிவும் பாதி ஆகியிருந்தது. பழைய வீடு, ஒரு பலகையின் நீளம் அடுத்த பலகைக்கு வராது. ஒவ்வொன்றாக அவன் அளந்து சொல்ல, அவள் கழித்து வெட்ட, அவன் வாங்கி அடித்தான்.

அறுபத்தொன்றரை மேலே போனது. “கச்சிதம்” என்று குரல் வந்தது. அதோடு ஸ்க்ரூ தீர்ந்துவிட்டது. அவன் இறங்கி, தலைத் தூசியைக்கூடத் தட்டாமல் சட்டையை மாட்டிக்கொண்டான். “கடை மூடறதுக்குள்ள வந்துடறேன். அடுத்ததை அளந்தாச்சு, ஐம்பத்தெட்டே கால். வெட்டி வை.”

அவள் ஐம்பத்தேழே கால் வெட்டிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

ஹார்டுவேர் கடையில் ஆட்களோடு ஆளாக நின்றபடியே அவன் சரிந்துவிட்டான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டான் என்றும், ஏதோ சொல்ல வந்தான் என்றும் பிறகு பல பேர் பல விதமாகச் சொன்னார்கள். கடைக்காரர் சொன்னது மட்டும் எளிமையாக இருந்தது. “கால் வலிச்சு உக்காருறாருன்னு நெனச்சேன்.”

ஆஸ்பத்திரியில் அவள் கை முழுக்க மரத்தூள். நீங்க அவருக்கு என்ன வேணும் என்று ஒரு நர்ஸ் கேட்டாள். “வீட்ல வெட்டற மிஷினை ஆஃப் பண்ணாம வந்துட்டேன்” என்று அவள் சொன்னாள். நர்ஸ் அதே கேள்வியை மறுபடி மெதுவாகக் கேட்டாள்.

வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க மரத்துப்போக ஊசி போட்டால் வாய் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. உதடு இருக்கிறது, விரலால் தொட்டால் விரலுக்குத் தெரிகிறது, உதட்டுக்குத் தெரியவில்லை. சாப்பிடு என்றார்கள், சரி என்றாள். அவனுடைய சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்றார்கள், சரி என்றாள். கடைக்குப் போனால் மனசு மாறும் என்றார்கள், அதற்கும் சரி. கடையில் ஒரு வெட்டும் தவறவில்லை. சாயங்காலம் கடையின் மூத்த டெய்லர் அவள் மேஜைக்கு வந்து நின்றார்.

“ஒரு தடவை அழுதுடும்மா. நீ இப்படி இருந்தா எங்களுக்குப் பயமா இருக்கு.”

“சரிண்ணா” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த துணியை விரித்தாள்.

பரண் ஓட்டையை ஒரு பழைய பெட்ஷீட்டால் கட்டி மூடிவைத்திருந்தார்கள். காற்றடித்தால் அது உப்பும், பிறகு தணியும். அவள் ஹாலில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கொழுந்தனுக்கு முன்பே பெண் முடிவாகியிருந்தது. பெண் வீட்டார் சில மாதம் நாகரிகமாகப் பொறுத்துவிட்டு, பிறகு நாகரிகமாகவே விசாரிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சைத் தூக்கிக்கொண்டு வந்தவர் நாத்தனார், கணவனின் அக்கா. பெண்கள் ஹாஸ்டலில் வார்டன். யாருக்கு எந்தக் கட்டில் என்று பிரித்துக் கொடுத்தே தலை நரைத்தவர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் கண் தானாகக் கட்டில்களை எண்ணும்.

“மேல இருக்கறதை முடிச்சிட்டா புது ஜோடி அங்க இருந்துக்கும்” என்றார். “அப்பா ரூம் அப்பாவுக்கு. நீ எப்பவும்போல இங்கயே. பழகின இடம்தானே? ஒத்த ஆளுக்கு எதுக்கும்மா அவ்வளவு பெரிய ரூம்?”

“சரிக்கா.”

“மனசுல ஒண்ணும் வெச்சுக்காத.”

“இல்லக்கா.”

அது பொய்யில்லை. வைத்துக்கொள்ள அங்கே எதையும் காணோம். ஆனால் தான் சொன்ன சரிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாமலும் இல்லை. இனி சாகும்வரை கதவில்லாத இடத்தில், வருகிறவர் போகிறவர் காலடியில்தான் படுக்கை. இரண்டு பேருமாகச் சேர்ந்து கட்டிய அறைக்கு அவள் துடைப்பத்தோடு மட்டும்தான் ஏறுவாள். தெரிந்தது. வலிக்கவில்லை. கொழுந்தன்தான் தலையைக் குனிந்துகொண்டு, சுத்தமாக இருந்த செல்போனைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் கெட்டவன் அல்ல. காலியாக இருக்கிற சீட்டில் உட்காருகிற ரகம்.

மிச்ச வேலையை ஆள் வைத்து முடிக்கலாம் என்று நாத்தனார் சொன்னபோது மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. “என் பையன் அடிச்ச இடத்துல வெளியாள் யாரும் கை வைக்க வேண்டாம். நானே அடிக்கறேன்.” அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இஞ்சின் பக்கத்துக் காது மந்தம், ஆகவே எதையும் உரக்கத்தான் சொல்வார். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டது. கண்ணைப் பற்றி மட்டும் பெருமை உண்டு. இரண்டு லாரிக்கு நடுவே ஒரு விரல் சந்து விட்டு வண்டியை எடுத்தவர்.

அடுத்த லீவு நாள் காலையில் புது டேப்பு ஒன்று வாங்கி வந்து அவளிடம் நீட்டினார். “இந்தக் கவரைப் பிரிச்சுக் குடும்மா, நகம் இல்ல எனக்கு.” அவள் பிரித்துக் கொடுத்தாள். மேலே போய், அன்றைக்கு வெட்டிச் சாய்த்து வைத்த ஐம்பத்தேழே கால் பலகையை முதலில் அடித்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு கீழே பார்த்துச் சத்தம் போட்டார்.

“இந்த முட்டி என்னை ஒரு தடவை ஏத்தும், ஒரு தடவை இறக்கும். அதுக்கு மேல கேட்டா ஸ்ட்ரைக் பண்ணும். மிச்சம் எல்லாத்தையும் ஒரே மூச்சா அளந்து சொல்லிடறேன். வெட்டி வெச்சுடுங்க, சாயங்காலம் ஏறி அடிச்சிடலாம்.”

“யாரு வெட்டறது?” என்றான் கொழுந்தன்.

“உங்கண்ணியைத் தவிர இந்த வீட்ல யாருக்குடா கோணாம வெட்ட வரும்?”

“சரி மாமா” என்றாள் அவள்.

“அறுபது” என்று குரல் வந்தது. “அடுத்தது அறுபத்தொண்ணே கால். அடுத்தது அறுபத்தொண்ணு, ஒரு நூல் தூக்கி.” நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. அவள் ஒவ்வொன்றாகக் கோடு போட்டாள், வெட்டினாள், பின்பக்கம் எண்ணைக் குறித்தாள், சாய்த்து வைத்தாள். மேலே குரல், கீழே கோடு. வெகுநாளைக்குப் பிறகு கை தானாக ஓடியது. தலைக்குள் ஒன்றுமே இல்லை. பரவாயில்லை என்றுகூட இருந்தது.

சாயங்காலம் மூன்று பேரும் மேலே ஏறினார்கள். கொழுந்தன் முதல் பலகையைத் தூக்கி மேல்முனையை முட்டக் கொடுத்தான். கீழ்முனை தரையைத் தொடவில்லை.

“பத்தலப்பா.”

“திருப்பிப் பிடி.”

“திருப்பினா வளருமா?”

“வாயை மூடிட்டு அடுத்ததை எடு.”

அடுத்ததும் பத்தவில்லை. அதற்கடுத்ததும் பத்தவில்லை. எல்லாவற்றிலும் ஒரே குறைச்சல், கட்டைவிரல் படுக்கிற அளவு.

“யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்வாங்க” என்றான் கொழுந்தன், பழைய பழக்கத்தில். “நம்ம யானை ஒரே நாள்ல பன்னெண்டு தடவை சறுக்கியிருக்கு.” சொன்ன பிறகுதான், சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மாமனார் டேப்பை இழுத்து மறுபடி அளந்தார். எண்ணை மூக்கு நுனிவரை கொண்டுபோய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

“அறுபதுன்னுதானே சொன்னேன்? எனக்கு இப்பவும் அறுபதுதான் தெரியுது.” அவர் குரல் வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்திருந்தது. “காது போச்சு. முட்டி போச்சு. பையன் போனான். இனி கண்ணும்னா...”

அவள் முதல் பலகையைத் திருப்பினாள். பின்பக்கம் அவள் கையெழுத்தில் ஐம்பத்தொன்பது என்று இருந்தது.

“கண்ணு நல்லாத்தான் இருக்கு மாமா. நான் ஒண்ணு கழிச்சிட்டேன்.”

“கழிச்சியா? எதுக்கு?”

“அவர் டேப்புல முதல் இன்ச்சு இருக்காது. அவர் சொல்ற அளவுல ஒண்ணைக் கழிச்சுத்தான் வெட்டுவேன்.”

“இது என் டேப்பும்மா.”

“தெரியும் மாமா.”

“காலைல நீதானே கவரைப் பிரிச்சுக் குடுத்த.”

“ஆமா.”

“பன்னெண்டுலயுமா கழிச்ச?”

“எல்லாத்துலயும்.”

கொழுந்தன் ஸ்க்ரூ டப்பாவைத் திறந்து உள்ளே எதையோ தேடத் தொடங்கினான். மாமனார் டேப்பின் பட்டனை விட்டார். அது சரசரவென்று உள்ளே போய் அடைந்தது.

படியில் நாத்தனாரின் தலை தெரிந்தது. “என்ன, எல்லாரும் வாயில கொழுக்கட்டையா?”

கொழுந்தன் விஷயத்தைச் சொன்னான். அவர் திட்டவில்லை. திட்டாதது அவருடைய நல்ல குணம். உடனே வழி சொல்வது கெட்ட குணம்.

“சரி விடு. இப்போதான் வெள்ளையா, வழவழன்னு ரெடிமேடா வருதே, அதையே வாங்கிடலாம். வாங்கறதே வாங்கறோம், அந்தப் பக்கத்தையும் பிரிச்சிட்டு ரெண்டும் ஒரே மாதிரி அடிச்சா முடிஞ்சுது. புதுப் பொண்ணு வர்ற ரூம். பாதி பழசு, பாதி புதுசுன்னு ஒட்டுப்போட்ட சட்டை மாதிரியா இருக்கறது?”

“அந்தப் பக்கம்னா, அண்ணன் அடிச்சதையா?” என்றான் கொழுந்தன்.

“ஸ்க்ரூதானே. கழட்டினா வந்துடும். என்னம்மா, சரிதானே?”

அவள் தெருப்பக்கச் சரிவைப் பார்த்தாள். பலகைகள் உச்சியிலிருந்து தரைவரை நெருக்கமாக இறங்கியிருந்தன. அதில் ஒன்றுகூட அவன் சொன்ன நீளத்தில் இல்லை. எல்லாமே அவன் சொன்னதில் ஒன்று குறைவு, எல்லாமே கச்சிதம். சரி என்ற சொல் அவள் வாயில் தயாராகத்தான் இருந்தது. அது வெளியே வருவதற்கு மற்றவர்களைப் போல அவளும் காத்திருந்தாள்.

“வேண்டாம்க்கா.”

“எது வேண்டாம்?”

“பிரிக்க வேண்டாம். புதுசும் வேண்டாம். இதையே அடிச்சுடட்டும். கீழ ஒரு இன்ச்சு தெரிஞ்சா தெரியட்டும். படுக்கப் போறது நான்தானே.”

“நீயா? அன்னைக்கு சரின்னியேம்மா.”

“சொன்னேன்.”

“அப்புறம்?”

“இப்போ இல்லைங்கறேன்.”

குரல் உயரவில்லை. இந்தத் துணியில் இவ்வளவுதான் வரும் என்று கடையில் வாடிக்கையாளரிடம் சொல்கிற அதே குரல். அதில் கொஞ்சம் கோபமோ கண்ணீரோ இருந்திருந்தால் நாத்தனாருக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்துகிற பெண்களையும் அழுகிற பெண்களையும் ஹாஸ்டலில் அவர் நிறையச் சமாளித்தவர்.

“இல்லம்மா, ஒத்த ஆளுக்கு...”

“ரெண்டு பேருக்குன்னு கட்டினதுதான்க்கா. ஒருத்தர் வரல. அதுக்காக நானும் வரக்கூடாதா?”

நாத்தனார் தம்பியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். “அப்போ வர்ற பொண்ணை எங்க படுக்கவைக்கறது? இந்தப் படியிலயா?”

“என் ரூம்ல” என்றார் மாமனார். மந்தமான காது அவள் பக்கம்தான் இருந்தது. ஆனாலும் எல்லாம் கேட்டிருக்கிறது. “கதவு இருக்கு, தாழ்ப்பா இருக்கு. நான் ஹாலுக்கு வந்துக்கறேன்.”

“இந்த வயசுல ஹால்லயாப்பா?”

“டிப்போவுல பஸ் சீட்டுல படுத்தே வயசைக் கழிச்சவன் நான். ஹால்ல காலை நீட்டலாம். யாரும் எழுப்பி டிக்கெட் கேக்கமாட்டாங்க.”

“பார்க்கற நாலு பேர் என்னப்பா சொல்வாங்க?”

“அந்த நாலு பேரையும் வரச்சொல்லு. ஹால்ல இடம் இருக்கு.”

கொழுந்தன் ஸ்க்ரூ டப்பாவிலிருந்து தலையை எடுத்தான். “எனக்கும் கீழ ரூமே போதும்க்கா. நான் அண்ணனை விட ஒசரம். இங்க தினமும் தலை இடிக்கும்.” அதைச் செய்து காட்டுவதுபோல நிமிர்ந்தான், உண்மையாகவே இடித்தது.

நாத்தனார் கட்டில்களை மனசுக்குள் மறுபடி ஒரு சுற்று எண்ணினார். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஆளுக்கு ஒரு இடம் இருந்தது. “என்னமோ பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துக் கால் வைத்து இறங்கிப் போனார்.

அன்று விளக்கைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டையும் அடித்து முடித்தார்கள். கொழுந்தன் பிடித்தான், மாமனார் முடுக்கினார், அவள் ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தாள். அடியில் நீளமாக ஒரு சந்து விழுந்தது. மெல்லிய பட்டை ஒன்று வாங்கி அதை மறைத்துவிடலாம் என்று கொழுந்தன் சொன்னான். பார்க்கலாம் என்றாள். பிறகு யாரும் வாங்கவில்லை. படி முடிகிற இடத்தில் ஒரு கதவு மட்டும் போட்டார்கள், உள்பக்கம் தாழ்ப்பாளோடு. அதற்கான அளவை அவளே ஏறி எடுத்தாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாமனார் தன் தலையணையோடு ஹாலுக்கு வந்தார். அவள் மெத்தையைச் சுருட்டி, செங்குத்தான படியில் தோளால் முட்டி முட்டி மேலே ஏற்றினாள். உதவிக்கு வந்த புதுப் பெண்ணிடம், “நீ தலையணையை எடுத்துட்டு வா, போதும்” என்றாள். பெண் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குக்கா, கப்பல்ல இருக்கற மாதிரி” என்றது. கப்பலை இரண்டு பேருமே பார்த்ததில்லை.

அன்று அவள் கதவைத் தாழிட்டுக்கொண்டு படுத்தாள். இங்கே வந்தால் அழுகை வந்துவிடும் என்று எல்லாரையும் போல அவளும் எதிர்பார்த்தாள். வரவில்லை. தூக்கம் வந்தது.

கண் விழித்தபோது யாருக்காகவும் மெத்தையைச் சுருட்ட வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் படுத்தே இருந்தாள். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் கூரை. உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்; உதட்டுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. எழுந்து நடுவுக்கு வந்து நிமிர்ந்து நின்றாள். சன்னலைத் தள்ளித் திறந்தாள்.

கீழே, தன் வீட்டுப் பின்பக்கக் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரர் நின்று வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். சத்தம் தொண்டைக்குள் ஏறி, இன்னும் ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்றது. துப்பினார். மறுபடி ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டார்.